சைனஸ் எண்டோஸ்கோப்பி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்கு வழியாகச் சைனஸைப் பார்க்க உதவும் எண்டோஸ்கோப் கருவியைப் பிடிக்கும் விதம், அதன் லென்ஸில் படியும் ஆவி போன்றவை சில வாரங்களில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், நான் முன்பு செய்த அதே பிழையை இன்று 4கே திரையின் முன் நின்றும் செய்வதைப் பார்க்கும் வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணில் பட்ட துளையை அகலப்படுத்துவது

கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையான மேக்ஸிலரி சைனஸின் இயற்கைத் துளை, அன்சினேட் என்னும் மெல்லிய எலும்பு மடிப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. நேராக மட்டும் பார்க்கும் 0 டிகிரி எண்டோஸ்கோப்பில் அது பெரும்பாலும் தெரியாது. சிலருக்கு அதற்கும் பின்னால் அமைந்திருக்கும் உபரித் துளையோ வட்டமாகப் பளிச்சென்று தெரியும். அதையே வாசல் என்று எண்ணி அகலப்படுத்தினாலும், சளிச்சவ்விலுள்ள நுண்முடிகள் சளியை இயற்கைத் துளையை நோக்கியே தள்ளும். ஆஸ்திரியாவின் வால்டர் மெசர்கிளிங்கர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எண்டோஸ்கோப் வழியாகப் பார்த்துச் சொன்னது இது. அப்படி வெளியேறிய சளி, பின்துளை வழியாக மீண்டும் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் அறுவை செய்த ஒருவர், எட்டு மாதம் கழித்தும் தொண்டையில் சளி இறங்குவது நிற்கவில்லை என்று வந்தார். சி.டி. ஸ்கேனில் துளை அகலமாகத் திறந்திருந்ததால், ஒவ்வாமையாக இருக்கும் என்று மருந்து எழுதி அனுப்பிவிட்டேன். மறுமுறை வந்தபோதுதான் பக்கவாட்டைக் காட்டும் 70 டிகிரி எண்டோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன்: நான் எடுக்காமல் விட்டிருந்த அன்சினேட் துண்டின் பின்னிருந்து சளி நூலாக இறங்கி, நான் அகலப்படுத்திய பின்துளைக்குள் திரும்பச் சென்றுகொண்டிருந்தது. அந்தத் துண்டை அகற்றி இரு துளைகளையும் ஒன்றாக்கிய பிறகே அவருக்குக் குணம் கிடைத்தது. இரண்டாவது முறை மயக்க மருந்துக்கு அவரை ஆளாக்கியதை நினைத்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை.

பார்வைக் கோணத்தை மாற்றிக்கொள்ளும் எண்டோஸ்கோப்புகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே, 0 டிகிரியில் தெரிந்ததை நம்பி வெட்டுகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். அன்சினேட்டை முழுமையாக அகற்றி, கோணப் பார்வையில் இயற்கைத் துளையைக் கண்டு உறுதி செய்யும் வரை எதையும் அகலப்படுத்தாதீர்கள்.

கோணக் கருவியை நேராகச் செலுத்துவது

70 டிகிரி கருவியில் திரை காட்டுவது பக்கவாட்டை. முனை முட்டப்போகும் இடம் அதில் தெரியாது. மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடு டர்பினேட் என்னும் எலும்பு மடிப்பில் உரசிக் கசியும் சிறு இரத்தம்கூட அடுத்துப் பார்க்க வேண்டியதையெல்லாம் மறைத்துவிடும்.

மருந்து பிடிக்கும் முன் நுழைப்பது

மூக்கில் வைத்த மரப்பு மருந்து வேலை செய்யப் பத்து நிமிடம் காத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் பலூன்

சைனஸ் துளைக்குள் வைத்து ஊதும் பலூன் துளையை விரிக்கும், பாலிப் என்னும் சதை வளர்ச்சியை அகற்றாது.