மல்லி கவாத்துக்கு (கிளைய வெட்டி விடுறதுக்கு) அவசரப்படாதீங்க
ஐப்பசி மழையில குண்டுமல்லி வரத்து கொறஞ்சிடும், உடனே கத்திரிய எடுத்துடாதீங்க, போன வருஷம் அப்டி நா முந்திக்கிட்டு வெட்டி மழை ஈரத்துல நுனியெல்லாம் கருகிப் போச்சு. நவம்பர் கடைசி வாரம்தான் கரெக்ட்டு. தண்ணிய நிறுத்தி செடிய காயவிட்டு தரையிலிருந்து 50 செ.மீ விட்டுட்டு வெட்டுங்க, காஞ்ச குச்சி, நோஞ்சான் கிளை எதையும் விட்டு வைக்காதீங்க. கத்திரி கூரா இருக்கணும், மொக்கையா இருந்தா தோலு கிழிஞ்சு தொங்கும் பாருங்க, அங்கதான் பூஞ்சாணம் புடிக்கும். வெட்டுன கையோட ஒவ்வொரு செடிக்கும் 10 கிலோ மக்குன தொழுவுரம் போட்டு மண்ண கொத்தி விடுங்க. பச்ச சாணி வேணாம், கரையான் வந்துரும். செடி மொட்டையா நிக்கிறதப் பாத்து வீட்ல திட்டுவாங்க, கண்டுக்காதீங்க, மார்ச்சுல மொட்டு கட்டும்.