கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போறதுக்கு முன்னாடி

"அப்பா, யானை டான்ஸ் ஆடுதுப்பா"ன்னு என் பொண்ணு கை தட்டுனா. ரெண்டு வருசம் முன்னாடி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் இடம். பேரு வேண்டாமுங்க. பலகையில 'சரணாலயம்'னு போட்டிருந்தாங்க. சவாரிக்கு ஒரு டிக்கெட், குளிப்பாட்டறதுக்கு இன்னொண்ணு. நானும் வீடியோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன். மாட்டு டாக்டரா இருக்கற சித்தப்பாதான் போன் போட்டாரு: "டேய், அது ஆடலைடா. கட்டியே வெச்சிருந்ததால வந்த பழக்கம்."

அதுக்கப்புறம் போனதுதான் கோழிகமுத்தி. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ள வனத்துறை நடத்தற முகாம். இதுவும் முழுக்க சுதந்திரமான இடம்னு சொல்ல மாட்டேன். கும்கிகளும் (காட்டு யானைய விரட்ட, பிடிக்கப் பழக்குன யானைங்க), ஊருக்குள்ள புகுந்து பிடிபட்ட யானைகளும் இருக்கற இடம். 2019-ல கோயம்புத்தூர் பக்கம் தடாகம்ங்கற ஊர்ல பிடிச்ச காட்டு யானை சின்னத்தம்பிய டாப்சிலிப்புக்குக் கொண்டுபோய் விட்டாங்க, அது திரும்பி உடுமலைப் பக்கம் நடந்தே வந்துருச்சு, ஞாபகம் இருக்குமே? கடைசியில அதுவும் கும்கியாத்தான் பழகுச்சு.

1. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப். வழி உங்களுக்கே தெரியும். முன்பதிவை மட்டும் முடிச்சுட்டுக் கிளம்புங்க. டாப்சிலிப்புல இருந்து முகாமுக்கு வனத்துறை வண்டிதான், நம்ம கார் போகாது.

2. பையில எவர்சில்வர் தண்ணி பாட்டில், 8x42 பைனாகுலர். பெரிய கேமரா தேவையே இல்லைங்கறது என் கட்சி. போன்லயே எடுங்க, பிளாஷை அணைச்சுருங்க. வாழைப்பழம், கரும்பு எதுவும் வேண்டாம். சென்ட் அடிக்காதீங்க. இருமல் சளி இருந்தா பயணத்தையே தள்ளிப்போடுங்க. மனுசங்ககிட்ட இருந்து யானைக்குக் காசநோய் தொத்தும்.

3. நான் கோட்டை விட்டது இங்கதான், நிதானமாப் படிங்க. நின்ன இடத்துலயே தலைய இடதும் வலதுமா, ஒரே தாளத்துல, நிறுத்தாம ஆட்டுதா? எடையை ஒரு கால்ல இருந்து இன்னொரு கால்ல மாத்தி மாத்தி வைக்குதா? அது சந்தோசம் இல்லை, மன உளைச்சல். காது வீசறதை இதோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க. காது மடலுக்குள்ள ரத்தக்குழாய் நிறைய, வீசினா ரத்தம் குளிர்ந்து உடம்புச் சூடு குறையும். தும்பிக்கையிலயும் காதுலயும் இருக்கற வெளிர் ரோஸ் திட்டும் நோய் இல்லை, நிறமி குறையறதுதான். ஆனா நெத்தியிலயும் காதுக்குப் பின்னாடியும் அங்குசம் குத்துன தழும்பு, கணுக்கால்ல சங்கிலி அறுத்த புண் இருக்கான்னு பாருங்க. பைனாகுலர் அதுக்குத்தான். ஆம்பளை யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல நீர் வழிஞ்சா மதம். பாகன் சொல்ற தூரத்துக்கு மேலயே ரெண்டடி தள்ளி நில்லுங்க.

4. யானைக்குச் சோறு உருண்டை பிடிக்கறதைப் பார்க்காம விட்டுடாதீங்க. ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைஞ்சு, ஒரு குழந்தைத் தலை அளவுக்குப் பிடிச்சு, பாகன் நேரா வாய்க்குள்ளயே வெப்பார். எங்க பொண்ணு அரைமணி நேரம் வாயத் தெறக்கலை. நாமளும் ஒரு உருண்டை கொடுக்கலாமான்னு கேட்டுத் தொல்லை பண்ணாதீங்க.

5. பாகன்கள்ல நிறையப் பேரு மலசர் பழங்குடி மக்கள். 'டேய் மாவுத்தா'ன்னு ஒருத்தர் கூப்பிட்டதைக் கேட்டு எனக்கே கூசிப்போச்சு. அண்ணான்னு கூப்பிடுங்க, வேலை ஒழிஞ்ச நேரம் பார்த்துப் பேசுங்க. கலீம் பத்திக் கேட்டா முகமே மாறும். 2023-ல 60 வயசுல ஓய்வு கொடுத்து மரியாதை அணிவகுப்பு நடத்துனாங்களே, அந்தக் கும்கி.

பின்சேர்க்கை: "அங்கேயும் சங்கிலி இருக்கே, அப்புறம் என்ன நல்ல இடம்?"னு ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி, எனக்கும் உறுத்துச்சு. சங்கிலிய மட்டும் பார்த்து முடிவு பண்ணாம, ஆளுங்க கிளம்பினப்புறம் யானை என்ன பண்ணுதுன்னு கேளுங்க. நான் ஒரு பாகன் அண்ணாகிட்ட கேட்டேன். "ராத்திரிக்குக் காட்டுல மேய விட்டுருவோம் சார்"னு சொல்லி, மண்ணுல பாம்பு போன மாதிரி கிடந்த ஒரு கோட்டைக் காட்டுனாரு. கால் சங்கிலி இழுபட்ட தடம். விடிஞ்சதும் அதைப் பிடிச்சுக்கிட்டே போய்த்தான் தேடிக் கூட்டிட்டு வருவாங்களாம். "சில நாளு மத்தியானம் ஆயிரும்"னு சிரிச்சாரு.