கம்பஸ் முடிஞ்ச கையோட சிசிஎன்ஏ: ஊர்ல இரிந்தே படிக்கிற வழி

வந்தாறுமூலையிலயோ ஒலுவில்லயோ டிகிரி முடிச்சிட்டு வீட்ட இரிக்கிற தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேக்கிறது, நெட்வேர்க்கிங் பக்கம் போறதெண்டா எந்த சோதனை எடுக்கிற, அதுக்கு கொழும்புல போர்டிங் எடுத்து கிளாஸ் போகணுமா எண்டுதான். தேவையே இல்ல. ஒரு லெப்டொப், ஓரளவு டேட்டா, ஒரு சிஆர் கொப்பி இரிந்தா காணும், மிச்சம் உங்கட கை வேகம்.

எந்த சோதனை? நெட்வேர்க் சாமான் செய்யிற சிஸ்கோ கம்பனியோட ஆக அடிமட்டம் சிசிஎஸ்டி நெட்வேர்க்கிங், 50 நிமிஷம், 125 டொலர். கொம்ப்டியா எண்ட அமைப்போட நெட்வேர்க் பிளஸ் ஒரு கம்பனிட சாமானோட மட்டும் கட்டுப்படாதது, 90 நிமிஷம், கேள்வி 90 வரைக்கும் வரும். சிஸ்கோட அதுக்கு மேல் படி சிசிஎன்ஏ (சோதனை நம்பர் 200-301) எண்டா 120 நிமிஷம், 300 டொலர், பாஸ் பண்ணினா 3 வருஷம் செல்லும். கம்பஸ்ல நெட்வேர்க்கிங் ஒரு பாடமாவது செஞ்சிருந்தா நேரா சிசிஎன்ஏக்கே போங்க, ரெண்டு தரம் காசு கட்டுறதுல அர்த்தமில்ல. பழைய அண்ணாமார் யாராவது முதல்ல சிசிஇஎன்டி செய்யுங்க எண்டு சொன்னா சிரிச்சிட்டு விடுங்க, அது 2020 பெப்ரவரியோட நிப்பாட்டின சோதனை.

சிலபஸை சிஸ்கோ சைட்லயே இலவசமா எடுக்கலாம். ஐபி கனெக்டிவிட்டி (ரவுட்டிங்) 25 வீதம், அடிப்படையும் சுவிட்சிங் பக்கமும் 20, 20, செக்கியூரிட்டி 15, ஐபி சேர்விசஸ் 10, ஒட்டோமேஷன் 10. பாருங்க, முதல் மூண்டும் சேந்தா 65, அப்ப எங்க நேரம் போகணும் எண்டு தனியா சொல்லத் தேவையில்லதானே. ஆனா நம்மட ஆக்கள் செய்யிறது வேற, ஓஎஸ்ஐ (நெட்வேர்க் வேலையைப் படி படியா பிரிச்சுக் காட்டுற மாதிரி) ஏழு லேயரையும் ஏஎல் பாடம் மாதிரி பாடமாக்கிட்டு வீடியோவா பாத்துத் தள்ளுறாங்க, சப்நெட் (பெரிய நெட்வேர்க்கை வெட்டின சின்னத் துண்டு) ஒண்டு போடச் சொன்னா கால்குலேட்டர் தேடுறாங்க.

சப்நெட்டிங்கை தினமும் கையால போடுங்க. 192.168.10.77, ஸ்லாஷ் 27 எண்டு வருது எண்டு வைங்க. ஐபி அட்ரஸ் மொத்தம் 32 பிட், அதுல முதல் 27 நெட்வேர்க்குக்கு, கடைசி ஒக்டெட்ல (புள்ளிக்குப் பிறகு வாற கடைசி இலக்கம், 8 பிட்) 5 பிட் மிச்சம், அப்ப 32 32ஆ துள்ளும்: 0, 32, 64, 96. 77 விழுறது 64க்கும் 96க்கும் நடுவுல, அதனால நெட்வேர்க் 64, புரோட்காஸ்ட் (எல்லா மெஷினுக்கும் ஒண்டா அனுப்புற அட்ரஸ்) 95, மெஷினுக்குக் குடுக்கலாம் 65 தொடக்கம் 94 வரை, மொத்தம் 30. இது பிடிபட்டா 172.16.45.200 ஸ்லாஷ் 20 மாதிரி மூண்டாவது ஒக்டெட்டுக்குப் போங்க, அங்க 16 16ஆ துள்ளும், விடை 172.16.32.0, புரோட்காஸ்ட் 172.16.47.255. யோசிக்காம அரை நிமிஷத்துக்குள்ள வரும் வரைக்கும் விடாதீங்க.

அடுத்தது லேப். கம்பியூட்டர்லயே நெட்வேர்க் கட்டிப் பாக்கிற பெக்கட் ட்ரேசர் சொஃப்ட்வெயாரை சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமில எக்கவுண்ட் திறந்து சும்மாவே எடுக்கலாம், ரவுட்டர் வாங்க அலையாதீங்க. நம்மட ஊரையே வரைங்க: ஒரு கம்பனிக்கு மட்டக்களப்புல 50 மெஷின், கல்முனைல 25, அக்கரைப்பற்றுல 12, ஏ4 ரோட்டு வழியா ரெண்டு லிங்க். 192.168.1.0 ஸ்லாஷ் 24ஐ வெட்டணும், எப்பவும் பெரிசுல இரிந்து தொடங்குங்க. மட்டக்களப்புக்கு ஸ்லாஷ் 26, 0 தொடக்கம் 63. கல்முனைக்கு ஸ்லாஷ் 27, 64 தொடக்கம் 95. அக்கரைப்பற்றுக்கு ஸ்லாஷ் 28, 96 தொடக்கம் 111. லிங்க் ரெண்டுக்கும் ஸ்லாஷ் 30, 112லயும் 116லயும் தொடங்கும். பிறகு ஒவ்வொரு ஒபிஸ்லயும் ரெண்டு விலான் (ஒரே சுவிட்சுக்குள்ள பிரிச்ச தனித்தனி நெட்வேர்க்) போட்டுப் பாருங்க (அதுக்கு திருப்பி வெட்ட வேண்டி வரும், அதுவும் நல்ல பயிற்சிதான்), எல்லா விலானையும் ஒரே வயர்ல கொண்டு போற ட்ரங்க் குடுங்க, மூண்டு ரவுட்டரையும் வழியைத் தங்களுக்குள்ள பகிர்ற ஓஎஸ்பிஎஃப்ல பேச விடுங்க, டிஎச்சிபி (ஐபியைத் தானா குடுக்கிறது), நாட் (உள் ஐபியை வெளி ஐபியா மாத்துறது), ஏசிஎல் (எது போகலாம், எது போக ஏலாது எண்ட விதி) எண்டு ஒவ்வொண்டா ஏத்துங்க.

எல்லாம் பிங் ஆன (ஒண்டுக்கொண்டு பதில் குடுத்த) உடனே சேவ் பண்ணி மூடுறதுதான் எல்லாரும் செய்யிற வேலை, உண்மையான படிப்பு அதுக்குப் பிறகுதான் இரிக்கு. வேணுமெண்டே உடையுங்க. ஒரு பக்கம் ஓஎஸ்பிஎஃப் ஹலோ டைமரை (பக்கத்து ரவுட்டருக்கு ஹலோ சொல்ற இடைவெளி) மாத்துங்க, ட்ரங்க்ல ஒரு விலானை விடாம மறியுங்க, இல்லாட்டி கூட்டாளி ஒருத்தன்ட ஃபைலைக் குடுத்து களவா எதையாவது பிழையாக்கித் தரச் சொல்லுங்க. பிறகு ஷோ ஐபி ரூட், ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க், ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் எண்ட கட்டளைகளை மட்டும் வச்சித் தேடுங்க. சோதனைல அந்த அவுட்புட்டைக் காட்டித்தான் கேப்பாங்க, இன்டர்வியூலயும் அதையேதான் கேப்பாங்க.

டம்ப்ஸ் (களவா வெளிய வந்த சோதனைக் கேள்வி விடை) வாங்காதீங்க. சிஸ்கோ பிடிச்சா சேர்ட்டிபிகேட்டையே ரத்துப் பண்ணும், பிடிக்காட்டியும் இன்டர்வியூல முதல் பத்து நிமிஷத்துல வெளுத்துரும்.

காசு விஷயம். டொலர் 300 ரூபா எண்டு பாத்தாலே 90,000 வருது, அதனால கட்ட முன்னம் விலையை சைட்ல ஒருக்கா பாருங்க, உங்கட பேங்க் கார்ட் வெளிநாட்டுக்கு ஒன்லைன்ல கட்ட விடுமா எண்டும் கேட்டு வைங்க. புக்கிங் சோதனை நடத்துற பியர்சன் வியூ சைட்ல. வீட்ட இரிந்தும் எழுதலாம்தான், ஆனா கரண்ட் போய் லைன் அறுந்தா யாரோட சண்டை பிடிக்கிற? நான் சொல்றதெண்டா சென்டருக்கே போங்க, கொழும்பெண்டா முதல் நாளே உதயதேவி ரயில்ல போய் சொந்தக்காரர் வீட்ட தங்குங்க, ராவிராவா பஸ்ல இரிந்துட்டு விடிய நேரா சோதனைக்குப் போகாதீங்க. எக்கவுண்ட்ல பேர் பாஸ்போர்ட்ல இரிக்கிற மாதிரியே இரிக்கணும், நம்மட பேர்ல அப்பாட பேர் முன்னுக்கா பின்னுக்கா எண்ட குழப்பம் வாறதால இதை புக் பண்ண முன்னமே பாருங்க.

உள்ள போனா ஒரு கேள்விக்கு விடை குடுத்து நெக்ஸ்ட் அமத்தினா கிறுகி வர ஏலாது. அதனால தெரியாத ஒண்டுல ஒட்டிக்கொண்டு இரிக்காம கிட்டத்தட்டச் சரி எண்டு படுறதைப் போட்டுட்டு நகருங்க, லேப் கேள்விக்கு நேரம் மிச்சம் வேணும். ஃபெயில் ஆனா திருப்பி எழுத 5 நாள் பொறுக்கணும், காசும் திருப்பி முழுசாக் கட்டணும். ஆனா அவங்க தாற ஸ்கோர் ரிப்போர்ட்ல எந்தப் பகுதில எவ்வளவு வீதம் எண்டு இரிக்கும், அதை வச்சிக்கொண்டு குறைஞ்ச பகுதிட லேப்பை மட்டும் திருப்பிச் செய்யுங்க.