ஜிம்னாஸ்டிக்ஸ் லெவல் 3-இல் நின்றுபோன மகளுக்கு எக்ஸெல் (Xcel) பிரிவு கைகொடுத்தது

அமெரிக்காவில் மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகப் போகும் ஜிம்மில் எனக்கு இருந்த பெரிய எரிச்சல் இதுதான்: போட்டிப் படிநிலைகளில் லெவல் 3-இலேயே அவளை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "இன்னும் தயாராகவில்லை" என்பார்கள். எதில் என்று சொல்ல மாட்டார்கள். கட்டணம் மட்டும் தேதி தவறாமல் போகும்.

பயிற்சி முடிந்து வாசலில் கோச்சைப் பிடிப்பதை விட்டுவிட்டு, மின்னஞ்சலில் நேரம் கேட்டேன். உட்கார்ந்து பேசியதும் விஷயம் வெளியே வந்தது: பார்ஸில், அதாவது கம்பிப் பயிற்சியில், 'கிப்' என்ற அசைவு அவளுக்கு வரவில்லை. கம்பியில் தொங்கி, ஊசலாடி, கால்களைக் கம்பியருகே தூக்கி, அந்த வேகத்திலேயே உடலை மேலே ஏற்ற வேண்டும். லெவல் 5 வரை, அந்தந்த லெவலில் எல்லோருக்கும் ஒரே ரொட்டீன், அதாவது செய்துகாட்ட வேண்டிய அசைவுகளின் வரிசை. லெவல் 4-இல் கிப் இல்லாமல் முடியாது. வால்ட் (தாண்டுதல்), பீம் (குறுகிய கட்டை), ஃப்ளோர் (தரை) மூன்றிலும் அவளுக்குக் குறையே இல்லையாம்!

சரி, எக்ஸெல் பிரிவுக்கு மாற்றுங்கள் என்றேன். அதுவும் யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸின் போட்டிப் பிரிவுதான். விதிகளுக்குள் அவரவர் பலத்துக்கேற்ப ரொட்டீன் அமைக்கலாம். சில பெற்றோர் அதை இரண்டாந்தரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இப்போது எக்ஸெலின் சில்வர் நிலையில் போட்டியிடுகிறாள், கிப்பை அவசரமில்லாமல் பழகுகிறாள்.

மாறுவதற்கு முன், லியோடார்டுக்கும் (போட்டி உடை) போட்டிக்கும் கட்டிய பணம் என்னவாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதற்கும் ஒரு சண்டை நடந்தது.