மாட்டுக் காசநோய்: புது மாட்டைத் தொழுவத்தில் கட்டும் முன்பும் கட்டிய பின்பும்

காசநோய் பிடித்த மாட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தோல் பளபளக்கும், தீனி நன்றாக எடுக்கும், கறவையும் குறையாது. ஆனால் நுரையீரலிலும் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளிலும் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். இருமலும் மெலிவும் வெளியே தெரிவதற்குள் பக்கத்துத் தறியில் நிற்கும் மாடுகளுக்குத் தொற்றியிருக்கும். ஐந்து பத்து மாடு வைத்திருப்பவர் வீட்டுக்கு இந்த நோய் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய மாட்டோடுதான் வருகிறது. ஆகவே வாங்கும் இடத்திலேயே தடுப்பதுதான் செலவு குறைந்த வழி. தொழுவத்துக்குள் வந்துவிட்டால் வெளியேற்றுவது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை.

கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் போவிஸ். தெற்காசியாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆரிஜிஸ் என்ற இன்னொரு கிருமியும் மாடுகளில் காணப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த காசநோயாளிகளின் 940 மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், 7 பேரிடம் ஆரிஜிஸ் இருந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் இந்தக் கிருமி மனிதர்களிடமும் இருக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைத்த சான்று அது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

விடியற்காலையில் மாட்டை எழுப்பும்போதோ குளிர்ந்த தண்ணீர் குடித்ததுமோ வரும் வறட்டு இருமல், நல்ல தீனி போட்டும் உடம்பு தேறாமை, விட்டுவிட்டு வரும் லேசான காய்ச்சல், தாடைக்குக் கீழே வலியில்லாத நெறிக்கட்டி, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். அடிக்கடி வயிறு உப்புகிற மாட்டையும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். நெஞ்சுக்குள் வீங்கிய கட்டி உணவுக்குழாயை நெரித்தால் ஏப்பம் வெளியேறாமல் உப்பசம் திரும்பத் திரும்ப வரும். மடியின் பின்காம்புப் பக்கம் வலியே இல்லாமல் கல்போல இறுகிப் பால் நீர்த்துப் போவது மிக ஆபத்தான அடையாளம், ஏனென்றால் அந்தப் பாலிலேயே கிருமி இறங்கிக்கொண்டிருக்கும். இவற்றில் பலவும் குடற்புழு, கம்பி விழுங்கியது போன்றவற்றாலும் வரலாம். சோதித்துப் பார்த்தால்தான் உறுதி.

தோல் சோதனை

இதற்கான மருந்து டியூபர்குலின், அதாவது காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதச் சாறு. கிருமி தொற்றிய மாட்டில் ஊசி போட்ட இடம் வீங்கும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டிய பொருள், எல்லா மருந்தகத்திலும் கையிருப்பில் இருக்காது. கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவையும் அணுகலாம். ஊசி போடுவது மருத்துவரின் வேலை. சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

ஒப்பீட்டுச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். வால் மடிப்பில் போடும் ஒற்றை ஊசி எளிதுதான், ஆனால் மண்ணிலும் நீரிலும் இருக்கும் தீங்கில்லாத உறவுக் கிருமிகளுக்கும் ஜோனிஸ் என்ற குடல் நோய்க்கும்கூட அது வீங்கிக் காட்டிவிடும். ஒப்பீட்டுச் சோதனையில் கழுத்தின் நடுப்பகுதியில் ஒரே பக்கம் இரண்டு இடத்தில் முடியை மழித்து, மேலே பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலினும் அதற்கு 12 முதல் 15 செ.மீ. கீழே மாட்டுக் கிருமி டியூபர்குலினும் போடுவார்கள். ஊசிக்கு முன் இரண்டு இடத்திலும் தோல் மடிப்பின் தடிமனைக் காலிப்பர் என்ற அளவுகோலால் அளந்து எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. மட்டும், தோலுக்குள்ளேயே. சரியாகப் போட்டிருந்தால் விரலால் தடவும்போது பட்டாணி அளவு மொட்டு ஒன்று தட்டுப்படும். தட்டுப்படவில்லை என்றால் மருந்து தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது; நோய் இருந்தாலும் இல்லையென்றே காட்டும்.

72 மணி நேரம் கழித்து, முதலில் அளந்தவரே அதே காலிப்பரால் அளப்பது நல்லது. கணக்கு இப்படி: மேல் இடம் 7 மி.மீ. இருந்து 8 ஆகிறது, ஏற்றம் 1. கீழ் இடம் 7 இருந்து 13 ஆகிறது, ஏற்றம் 6. வித்தியாசம் 5. மாட்டு டியூபர்குலின் ஏற்றம் மற்றதைவிட 4 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இருந்தால் நோய் உண்டு. 1 முதல் 4 வரை சந்தேகம். 1க்குக் கீழே என்றால் நோய் இல்லை. சந்தேகம் வந்த மாட்டைத் தனியே கட்டி, 42 நாளாவது கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அதற்கு முன் போட்டால் தோல் சரியாக எதிர்வினை காட்டாது.

இந்த இடைவெளியைத்தான் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். விற்பதற்குச் சில நாள் முன்பு மாட்டுக்கு டியூபர்குலின் ஏற்றிவிட்டால் வாங்குபவர் செய்யும் சோதனை பொய்த்துப்போகும். ஸ்டீராய்டு ஊசியும் இதே வேலையைச் செய்யும். கன்று ஈனும் சமயத்திலும், ஈன்ற நான்கிலிருந்து ஆறு வாரம் வரையிலும் மாட்டின் உடம்பு சோதனைக்குச் சரியாகப் பதில் சொல்லாது. நோய் முற்றி எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டிலும் வீக்கம் வராமல் போகலாம். ஆகவே ஒரே ஒரு 'இல்லை' என்ற முடிவை மட்டும் நம்பி மாட்டை உள்ளே கட்டாதீர்கள்.

சந்தையில் வாங்கினால் 72 மணி நேரம் காத்திருக்க வழியில்லை. வளர்ப்பவர் வீட்டிலேயே போய் வாங்கி, சோதனை முடிவு வந்த பிறகே மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தொழுவத்தைவிட்டுத் தள்ளி, தனித் தொட்டி, தனி வாளி, தனிக் கயிற்றில் 60 நாள் கட்டுங்கள். 60ஆம் நாள் மறுபடி சோதனை. அதிலும் இல்லையென்றால் மற்ற மாடுகளோடு சேர்க்கலாம்.

நோய் உறுதியானால்

மருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் வேண்டாம். மனிதருக்குக் கொடுக்கும் காசநோய் மருந்தான ஐசோநியாசிடை மாட்டுக்குக் கொடுத்தால் இருமல் அடங்கும், கிருமி போகாது. பாலில் மருந்து இறங்கும், மருந்துக்குப் பணியாத கிருமி உருவாகும். அந்தக் கிருமி கடைசியில் வந்து சேரும் இடம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் உடம்பு.

பல நாடுகளில் நோய் கண்ட மாட்டை அழித்துவிட்டு உரிமையாளருக்கு இழப்பீடு தருகிறார்கள். இங்கே நடைமுறையில் மிஞ்சுவது பிரித்து வைப்பதுதான். அதனால்தான் பலர் இரவோடு இரவாகத் தரகரிடம் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் நட்டத்தை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவதோடு, பச்சைப் பால் குடிக்கும் ஒரு குழந்தைக்கு நோயையும் கொடுத்து அனுப்புகிறீர்கள். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் மாட்டுக் காசநோயும் உள்ளது. தெரிவிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

நோயுள்ள மாட்டைக் காற்று நன்றாக வரும் தனிக் கொட்டகையில், மற்ற மாடுகளின் முகத்துக்கு நேரே படாத இடத்தில் கட்டுங்கள். தீனி வைப்பதும் சாணி அள்ளுவதும் மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இருக்கட்டும். அதன் சாணத்தை மேய்ச்சல் நிலத்தில் போட வேண்டாம். நிழலிலும் ஈரத்திலும் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் ஊட்டாதீர்கள். பிறந்த கன்றை உடனே பிரித்து, நோயில்லாத மாட்டின் சீம்பாலைக் கொடுங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் வேண்டும், அதில் முதல் பங்கு பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும்.

மாடு நின்ற இடத்தைச் சுத்தம் செய்யும்போது முதலில் சாணமும் மண்ணும் முழுக்கச் சுரண்டி அள்ளுங்கள். மேலே அழுக்கு இருந்தால் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. பிறகு 5 சதவீத பீனால் கரைசலை, அதாவது லிட்டருக்கு 50 மி.லி., தெளித்து அரை மணி நேரமாவது ஊறவிட்டுக் கழுவுங்கள். கையுறை கட்டாயம். தரை துடைக்கும் வெள்ளை பினாயில் இதற்குப் போதாது. கூரையின் ஒரு பக்கத்தைத் திறந்து வெயில் விழ வையுங்கள்.

மீதி மாடுகளை 60 நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை எல்லா மாட்டுக்கும் 'இல்லை' என்று வந்த பிறகு ஆண்டுக்கொரு முறை போதும்.

பாலும் வீட்டாரும்

63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினால் கிருமி செத்துவிடும். வீட்டில் பொங்கக் காய்ச்சிய பால் இந்த அளவைத் தாண்டிவிடும். காய்ச்சாமல் வாய்க்குப் போகும் பால்தான் ஆபத்து: கறந்த சூட்டிலேயே பிள்ளைக்குக் கொடுக்கும் டம்ளர், நாட்டு மருந்தைக் கலக்கும் பச்சைப் பால், அபிஷேகம் முடிந்து கையில் ஊற்றும் பால். அபிஷேகத்துக்குக் காய்ச்சாத பால்தான் வேண்டுமென்றால் அது சாமிக்கு மட்டும் இருக்கட்டும். பிரசாதத்துக்குக் காய்ச்சிய பாலைத் தனியே வையுங்கள். பச்சைப் பாலில் உறை ஊற்றினால் புளிப்பு கிருமியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம், தயிரிலும் அது தாக்குப்பிடிக்கும்.

பாலின் வழியே வரும் நோய் நுரையீரலைத்தான் தாக்கும் என்பதில்லை. கழுத்தில் வலியில்லாத நெறிக்கட்டி வீக்கமாக, அதாவது கண்டமாலையாக வரும், அல்லது வயிற்று வலி, மெலிவு என்று குடலில் வரும். சளிச் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். கட்டியிலிருந்து ஊசியால் மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். மருத்துவரிடம் மாடு வளர்ப்பதையும் பச்சைப் பால் குடித்ததையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வழக்கமான விரைவுச் சோதனை காசநோய் என்று சொல்லுமே தவிர, மாட்டுக் கிருமியா என்று பிரித்துச் சொல்லாது. முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு, போவிஸ் கிருமியிடம் இயல்பாகவே பலிக்காது. தகவல் தெரிந்தால் மருத்துவர் கிருமியை வளர்த்து இனம் பார்க்கச் சொல்லி, மருந்தையும் நாளையும் மாற்றி அமைப்பார். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம், காசநோய் உதவி எண் 1800-11-6666.

தொற்று எதிர்ப்பக்கமும் போகும். கறவைக்காரருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மாட்டைச் சோதிப்பதற்கு முன் அவரைச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அவர் தொழுவத்துக்குள் வர வேண்டாம், அந்த நாட்களின் கூலியையும் நிறுத்த வேண்டாம். கூலி போய்விடும் என்ற பயம் இருந்தால் அவர் இருமலை மறைத்துக்கொண்டே கறக்க உட்காருவார்.