கிரீஸ் மக்களுக்கு ஊராட்சியின் நட்புத் தீர்மானம்: வாசகமும் கொடியும்

1821-இல் தொடங்கிய கிரீஸ் விடுதலைப் போரின் நினைவு நாள் மார்ச் 25. நம் கிராம சபை கூடுவது மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில். மூன்று நாள் முந்திக்கொண்டு வரும் இந்தக் கூட்டத்தை விட்டால் அடுத்தது மே 1, வாழ்த்து ஆறிப்போகும். புகார் (இன்றைய பூம்புகார்) வட்டாரத்து ஊராட்சிகள் இந்த நட்புத் தீர்மானத்தை அஜெண்டாவில் கடைசிப் பொருளாக ஏற்றுவது நல்லது. முதலிலேயே எடுத்தால் “வாய்க்கால் தூர்வாரியாச்சா?” என்ற கேள்விதான் பதிலாக வரும்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். 501 முதல் 3000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10000 வரை 200 பேர் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை.

சறுக்குவது வாசகத்தில்தான். வெளியுறவு ஒன்றிய அரசின் அதிகாரம். ஆகவே “ஒப்பந்தம்”, “இணை நகரம்” போன்ற சொற்கள் வேண்டாம். “வாழ்த்துகிறது”, “நட்பைப் போற்றுகிறது” போதும். இப்படி எழுதலாம்:

“புகாரில் யவனர் இருக்கை இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அப்பழைய தொடர்பை நினைந்து, மார்ச் 25-ஐக் கொண்டாடும் கிரீஸ் மக்களுக்கு இச்சபை வாழ்த்துத் தெரிவிக்கிறது.”

“கிரேக்கர் இருக்கை” என்று மாற்றிவிடாதீர்கள். இருக்கை என்றால் குடியிருப்பு; யவனர் என்றால் கிரேக்கரும் உண்டு, ரோமானியரும் உண்டு. தீர்மான நகலை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஆட்சியர் வழியாக அனுப்புங்கள். தூதரகத்துக்கு நேரே தபாலில் போடுவது முறையல்ல. கொடி ஏற்ற நினைத்தால் அதற்கும் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

கிரீஸ் கொடி கடையில் கிடைக்காவிட்டால் உள்ளூர் டெய்லரே தைப்பார். 135 × 90 செ.மீ. எடுங்கள்: நம் தேசியக் கொடியின் அளவுகளில் இதுவும் ஒன்று, கிரீஸ் கொடிக்கும் அதே 3:2 விகிதம். ஒன்பது பட்டைகள், ஒவ்வொன்றும் சரியாக 10 செ.மீ. அகலம். நீலத்தில் தொடங்கி நீலத்தில் முடியும். நீலம் 5, வெள்ளை 4. கம்பத்துப் பக்க மேல்மூலையில் 50 செ.மீ. நீலச் சதுரம், அதன் நடுவே 10 செ.மீ. அகல வெள்ளைச் சிலுவை. சதுரத்தை ஒட்டிய மேல் ஐந்து பட்டைகள் 85 செ.மீ. நீளம், கீழ் நான்கு 135. தையலுக்கு எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. கூட்டி வெட்டச் சொல்லுங்கள். மறந்தால் ஒன்பது பட்டைக்கும் சேர்த்து உயரம் கணிசமாகக் குறைந்து, நம் கொடியோடு அளவு ஒத்துப்போகாது.

இரண்டு கொடிகளுக்கும் தனித்தனிக் கம்பம், ஒரே உயரம். ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாகக் கட்டவே கூடாது. கூட்டத்தைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம், அதாவது கூட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு இடப்பக்கம், தேசியக் கொடி. மேடைச் சுவரில் குறுக்காக வைத்தாலும் அதே பக்கம்தான். நம் கொடிக்கோல் மற்றதன் முன்னால் இருக்க வேண்டும். பந்தல்காரர்கள் பின்னாலிருந்து கட்டும்போது இடம் வலம் மாறிவிடுவதுண்டு. ஒருவர் முன்னால் வந்து நின்று பார்க்கட்டும்.

ஏற்றும்போது தேசியக் கொடி முதலில், இறக்கும்போது கடைசியில்.