உலைச் சுவரில் பாதியில் நின்ற வெப்பம்: என் அனுபவம்

ஓர் உலைச் சுவருக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணினி மென்பொருளில் கணக்கிட்டேன். உள்ளே 115 மி.மீ. தீச்செங்கல், நடுவில் 100 மி.மீ. காப்புப் பலகை, வெளியே 6 மி.மீ. எஃகுத் தகடு. உள்முகம் 900 டிகிரி செல்சியஸ், வெளிக்காற்று 30. கணினி தந்த விடை: செங்கல் முழுக்க 900, தகடு முழுக்க 30, நடுப்பலகை மட்டும் 27! இருபுறமும் சூடு அதிகமாக இருக்க, நடுவில் இருப்பது எப்படி அதைவிடக் குளிரும்?

மெஷ்ஷை (கணக்குக்காகச் சுவரைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் வலையை) நுணுக்கினேன், கடத்துதிறன் (பொருள் வெப்பத்தைக் கடத்தும் திறன்) எண்களை மறுபடி சரிபார்த்தேன். பயனில்லை. கணக்கின் எச்சப்பிழை (சமன்பாடுகளில் இன்னும் தீராமல் நிற்கும் பிழை) மட்டும் சமர்த்தாக இறங்கி, எல்லாம் சரி என்பது போலக் காட்டியது. நாட்களைத் தின்றது அதுதான்.

துப்பு அந்த 27-இல் இருந்தது. அது நான் கொடுத்த தொடக்க வெப்பநிலை. அப்படியானால் பலகைக்குள் வெப்பம் நுழையவே இல்லை. அடுக்குகள் தொடும் முகங்களைத் தனித்தனிச் சுவர்களாக எடுத்துக்கொண்டு, வெப்பப் பாய்வு பூஜ்ஜியம் என்று மென்பொருள் தானாக வைத்திருந்தது.

மூன்று திண்மங்களும் பொது முகத்தைப் பகிரும்படி இணைத்து, மெஷ்ஷைப் புதிதாக உருவாக்கினேன். ஜோடியாக வந்த முகங்களுக்கு 'கப்பிள்டு' நிபந்தனை, அதாவது ஒரு பக்க வெப்பம் மறுபக்கம் கடக்கும்படி இரண்டையும் இணைப்பது. அங்கே வெப்பநிலை எதையும் தரக்கூடாது. அது விடையாக வரவேண்டியது.

இப்போது பலகை முழுக்க 900, தகடு அசையவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், வந்த வரைபடக் கோப்பிலேயே பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே 0.02 மி.மீ. இடைவெளி! அதை மூடியதும் தகட்டின் வெளிமுகம் 155 டிகிரி காட்டியது. கடத்துதிறன் செங்கல், பலகை, தகடு என்ற வரிசையில் 1.2, 0.2, 45, வெளிப்புறக் கெழு (தகட்டிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் அளவு) 10 என்று கையால் போட்டாலும் சதுர மீட்டருக்கு 1250 வாட், அதே 155. அப்பாடா!

தொடுமுகத் தடை (இரு அடுக்குகள் தொடும் இடத்தில் வெப்பத்துக்கு வரும் தடை) வேண்டுமென்றால், இடைவெளி வரையாமல் அந்த ஜோடி முகத்திலேயே கொடுத்துவிடலாம்.